ராஜா பெயரால் போட்ட வட்டம்

முன்னொரு காலத்திலே மருதவேலி நாட்டைக் காரிவேள் என்று ஒரு ராஜா ஆண்டு வந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் பசி வந்தால் தர்மம் மறந்துபோகும், சாப்பிட்டு முடித்தால் கோபம் மறந்துபோகும். அதனால் சபை மண்டபத்திலேயே அவருக்கு இலை போட்டுவிடுவார்கள்.

அந்த ஊரில் செக்காட்டிப் பிழைத்தவள் வடிவம்மை. புருஷன் கண்ணை மூடிய பிறகுதான், அவர் பல வருஷமாகச் செக்குவரி கட்டவே இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வரி, அதற்குத் தண்டம், தண்டத்துக்கு மேல் தண்டம். மாட்டை விற்றாலும் செக்கை விற்றாலும் அடையாது. தெருவில் தண்டோராச் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திக்கொண்டு அம்மன் விளக்கின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள். அரண்மனை ஓலைகளைப் பிரித்துப் பார்க்கவே கை வராது. சோறு தொண்டையில் இறங்காது.

"தாயே, ஒளிஞ்சு ஒளிஞ்சு அலுத்துப்போச்சு. நானே போய்க் கேட்டுடறேன். நீ கூட வா" என்று அம்மனிடம் சொல்லிவிட்டு ஒருநாள் சபைக்கே போனாள்.

"மகாராஜா, கட்டமாட்டேன்னு சொல்லலை. ஒரேயடியாக் கேட்டா நான் எங்கே போவேன்? ஆட்டுற எண்ணெயில கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துடறேன் சாமி."

வரித்தலைவர் பூவணர் துள்ளி எழுந்தார். மந்திரி அறவாழி மேல் அவருக்கு வெகுநாள் பொறாமை.

"கண்ணீரால் கஜானா நிறையுமா? மந்திரியார் இரக்கம் காட்டியே ஊரைக் கெடுத்து வைத்திருக்கிறார். மகாராஜா, உங்கள் பெயரால் வட்டம் போடுகிறேன். புதைத்து வைத்திருப்பதைத் தானே கக்குவாள் பாருங்கள்!"

வட்டம் என்றால் அந்த நாடே நடுங்கும். கடன்பட்டவரைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டால், கடன் தீரும்வரை கோட்டைத் தாண்டக் கூடாது. வெளியிலிருந்து ஒருவரும் தண்ணீர்கூட நீட்டக் கூடாது. தாண்டினால் தெய்வக் குற்றம்.

"மகாராஜா பெயரால்! மகாராஜா பெயரால்! மகாராஜா பெயரால்!" என்று சபை அதிரச் சொல்லிக்கொண்டே பூவணர் அவளைச் சுற்றிக் கோட்டை இழுத்தார். உட்காரக்கூட இடமில்லை. வடிவம்மைக்கு வீட்டு நினைப்பு வந்தது. வீட்டில் கட்டிப்போட்டு வந்த காளைக்குத் தண்ணீர் யார் வைப்பார்கள்?

ராஜா சிரித்தார். "என்ன அறவாழி, வாயே திறக்கவில்லை? பூவணர் வசூல் செய்துவிட்டால் உம்முடைய மந்திரி மோதிரம் அவருக்கு!"

"அப்படியே ஆகட்டும் மகாராஜா" என்று மந்திரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வடிவம்மை மந்திரியையே பார்த்தாள். இரக்கமுள்ளவர் என்று ஊரே சொல்லுமே, இவரும் இப்படிக் கைவிட்டுவிட்டாரே! அம்மா தாயே, அம்மா தாயே என்று உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

உச்சிவேளை மணி அடித்தது. இலை வந்தது. நெய்ச்சோறு, கத்திரிக்காய்ப் பொரியல், மிளகு ரசம். ராஜா கையை வைத்தாரோ இல்லையோ, மந்திரி ஓடிவந்தார்.

"மகாராஜா! கையை எடுங்கள்!"

"ஏன், விஷமா?"

"விஷமில்லை, வழக்கம். உள்ளே நிற்பவர் பட்டினி இருக்கும்வரை, வட்டம் போட்டவரும் பட்டினி இருக்கவேண்டும். கடனைக் கேட்கிறவருக்கும் வலி தெரியட்டும் என்று பெரியவர்கள் வைத்தது. பட்டம் கட்டிய அன்று, பழைய வழக்கம் ஒன்றும் குறையாமல் காப்பேன் என்று சத்தியம் செய்தீர்களே."

"உண்டு, உண்டு!" என்று வயதான சபையோர் தலையாட்டினார்கள்.

"போட்டவர் பூவணர்தானே?" என்றார் ராஜா.

"கை அவருடையது, பெயர் உங்களுடையது. மூன்று தடவை சொன்னாரே!"

ராஜா இலையைப் பார்த்தார். வட்டத்தைப் பார்த்தார். "ஏ பெண்ணே, சீக்கிரம் கட்டித் தொலை!"

"கட்டறேன் சாமி. செக்கு சுத்தினாத்தான் எண்ணெய், எண்ணெய் வித்தாத்தான் காசு. இங்கே நின்னுக்கிட்டு எதை ஆட்டுவேன்?" என்றாள் வடிவம்மை.

"நடிக்கிறாள் மகாராஜா! நாளைக்குள் உண்மை வந்துவிடும்" என்றார் பூவணர்.

"நாளையா!" ராஜா போட்ட சத்தத்தில் ரசக் கிண்ணம் கவிழ்ந்தது. "அறவாழி, வழி சொல்லும் ஐயா! வயிறு எரிகிறது!"

"அவள் வந்ததும் கேட்டாளே, அதுதான் வழி. வரி இருக்கட்டும், தண்டத்தைத் தள்ளுங்கள். ஆட்டும்போதெல்லாம் கொஞ்சம் எண்ணெயாக வாங்கிக்கொள்ளுங்கள். வட்டம் போட்டவர் சம்மதித்தால் அதை அழிக்கலாம்."

"சம்மதம்! களஞ்சியத்திலிருந்து இரண்டு மூட்டை எள்ளும் தருகிறேன்!" ராஜா தன் பட்டு அங்கவஸ்திரத்தாலேயே கோட்டைத் துடைத்தார். பிறகு திரும்பினார். "பூவணரே, இனி யார் வட்டம் போட்டாலும் தன் பெயரால்தான் போடவேண்டும். இன்னும் எத்தனை பேருக்குப் போட வேண்டியிருக்கிறது?"

பூவணர் தன் தொந்தியைத் தடவினார். "ஒருவருக்கும் இல்லை மகாராஜா. எல்லாரும் நல்ல ஜனங்கள்."

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா சோற்றில் கை வைக்கப் போனார்.

"அவள் பட்டினி இன்னும் தீரவில்லையே. முதலில் அவள் சாப்பிடவேண்டும்" என்றார் மந்திரி.

வடிவம்மைக்கு எதிரே இலை போட்டார்கள். ஒரு கவளம் எடுத்தாள். எத்தனையோ நாளாக அடைத்துக்கிடந்த தொண்டை, திறக்கமாட்டேன் என்றது. ராஜாவின் கண் அந்தக் கவளத்தைவிட்டு அசையவில்லை.

"அம்மா, பயப்படாதே" என்று கெஞ்சினார். "ஒரே ஒரு வாய். உனக்காக வேண்டாம், எனக்காகச் சாப்பிடு தாயே!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த வேகத்தில் சோறு உள்ளே இறங்கிவிட்டது.