பூட்டிய முற்றத்தில் பூத்த சாம்பல்

மருதூர் ராஜாவுக்குப் பரங்கிக்காய்க் கூட்டு இல்லாவிட்டால் சோறு இறங்காது. அதற்காகவே தோட்டக்காரி குருவம்மாள் அரண்மனைத் தோட்டம் முழுக்கப் பரங்கி படரவிட்டிருந்தாள். வண்டு வந்தால் அடுப்புச் சாம்பலைத் தூவி விரட்டுவாள்.

அந்தப் பனிக்காலத்தில் இலையெல்லாம் வெள்ளை பூத்து, பிஞ்செல்லாம் வெம்பி விழுந்தது. மந்திரி மாணிக்கவேலருக்கு அது போதாதா? மைத்துனனுக்குத் தோட்ட வேலை வாங்கித் தரச்சொல்லி வீட்டில் தினமும் அவருக்கு அர்ச்சனை. குருவம்மாள்தான் சாம்பலைக் கொட்டிக் கொடியைக் கெடுத்தாள், கூடையோடு அவள் நின்றதை நானே பார்த்தேன் என்று ராஜாவிடம் போட்டுக் கொடுத்தார். கூட்டில்லாத கடுப்பில் இருந்த ராஜா, அவள் ஊரைவிட்டே போகட்டும் என்றார்.

“அது தானா வந்துச்சு சாமி” என்றாள் குருவம்மாள்.

“சாம்பல் தானாக வருமா? செடிகிட்டே யார் போனாரோ அவர்தான் போட்டவர்” என்றார் மந்திரி.

அரசவை விகடன் வயிரவன் தோட்டத்துக்குப் போய் ஓர் இலையை ஊதிப் பார்த்தான். சாம்பலென்றால் பறந்திருக்கும். இது வட்டவட்டமாய் ஒட்டிக்கொண்டிருந்தது. போன வருஷம் அவன் வீட்டு வெண்டையிலும் இதே வெள்ளைதான். ஊறுகாய் ஜாடியில் பூக்கிற பூசணத்துக்கு இது சொந்தக்காரன் என்று அவன் மனைவி அப்போதே சொல்லியிருந்தாள்.

அதை அப்படியே சொன்னால் மந்திரி கேட்பாரா? குருவம்மாளை அனுப்ப வயிரவன் ராஜாவிடம் எட்டு நாள் தவணை கேட்டான். தொட்டியிலிருந்த ஒரு கொடியை இலை இலையாய் ஈரத்துணியால் துடைத்தான். மந்திரி தம் வீட்டு முற்றத்தில் அதை வைத்துத் தாமே பூட்டட்டும், தாமே தண்ணீர் ஊற்றட்டும் என்றான். ஈகூட நுழையாது என்று மந்திரி மீசையை முறுக்கினார்.

எட்டாம் நாள் தொட்டி அவைக்கு வந்தது. புது இலையில்கூட வெள்ளை.

“சாவி யாரிடம் இருந்தது?” என்று மந்திரியைக் கேட்டான் வயிரவன்.

“என்னிடம்.”

“வேறு யாராவது கிட்டே போனார்களா?”

“நான் மட்டும்தான்.”

வயிரவன் ராஜாவைக் கும்பிட்டான். “அப்படியானால் மந்திரியாரையும் ஊரைவிட்டு அனுப்பிடலாங்களா, மகாராஜா?”

மந்திரி அவசரமாகக் கைகூப்பினார். “நான் போடவில்லை மகாராஜா. அது தானா வந்துச்சு.”

வயிரவன் ஓரமாய் நின்ற குருவம்மாள் பக்கம் திரும்பினான். “குருவம்மா, நீ அன்றைக்குச் சொன்னது இவருக்கு இப்பத்தான் காதில் விழுந்திருக்கு.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். குருவம்மாளைத் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பினார். வயிரவனுக்குப் பட்டுச் சால்வை கிடைத்தது. மந்திரியின் மைத்துனனுக்கும் தோட்டத்தில் வேலை கிடைத்தது: குருவம்மாள் கிள்ளிப் போடுகிற நோய் இலையைச் சுமந்துபோய் எரிக்கும் வேலை.