நாற்பது வினாடி

உலகநாதன் விண்வெளிக்குப் புறப்பட இன்னும் மூன்று வாரம் இருந்தது. அந்தச் சமயத்தில் ஒரு கதவை மூட முடியாமல் ஐந்தாவது முறையாகத் தோற்றான்.

அவன் இடி மேகங்களை ஆராய்ந்த விஞ்ஞானி. மின்னல் உண்டாகும் இடத்துக்கே போய் அளக்க வேண்டும் என்று அவனுக்கு ஆசை. எந்த விமானியும் அந்த மேகத்துக்குள் வர ஒப்பவில்லை. சரி என்று தானே விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டான். பன்னிரண்டு மழைக்காலம் கருவிகளை ஏற்றிக்கொண்டு தனியாகவே பறந்தான். ஒருமுறை மின்னல் தாக்கி ஓர் எஞ்சின் நின்றுபோனது. மிச்சமிருந்த ஒன்றை வைத்துத் தரையிறங்கினான். அதைக் கேள்விப்பட்டுத்தான் விண்வெளி வீரர் தேர்வுக்கு அழைத்தார்கள். நாற்பத்தொரு வயதில் நான்கு பேர் கொண்ட குழுவுக்குத் தலைவனானான்.

அவனுக்குப் பயிற்சி கொடுத்தவர் ரேச்சல் பொன்மணி. அவனைவிட ஒரு வயது இளையவர். எட்டு வருடத்துக்கு முன் அவர் தலைமையில் நான்கு பேர் மேலே போனார்கள். ஆய்வறையில் தீப்பிடித்தது. அவர்களில் ஒருவரான நம்பிராஜன் உள்ளே இருந்தார். தீ மற்ற அறைகளுக்குப் பரவாமலிருக்க ரேச்சல் நடுக்கதவை மூடினார். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். அவர் மூடியது சரிதான் என்று விசாரணைக் குழு எழுதியது.

இப்போது மாதிரிக் கலத்தில் அதே பயிற்சி. ஆய்வறையில் புகை கிளம்பும். உள்ளே அவன் குழுவைச் சேர்ந்த டாக்டர் நிலோஃபர் இருப்பார். நாற்பது வினாடிக்குள் அவர் வெளியே வராவிட்டால் உலகநாதன் கதவை மூடியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் அவன் கை பிடியிலேயே நின்றது. ஒவ்வொரு முறையும் நான்கு பேரும் இறந்ததாகத் திரையில் வந்தது.

ஐந்தாவது முறை முடிந்ததும் அவன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டான்.

"நீங்க எப்படி மூடினீங்க, மேடம்?"

ரேச்சல் மறுநாள் காலை காரில் ஏறச் சொன்னார்.

களக்காட்டில் ஒரு ஓட்டு வீட்டின் முன் வண்டியை நிறுத்தினார். நம்பிராஜனின் மனைவி செண்பகவல்லி கதவைத் திறந்தார். யார் என்ன என்று விசாரிக்காமல் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, காப்பி கொண்டுவந்தார். தான் பாடம் எடுக்கும் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நடக்கிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றார். சுவரில் நம்பிராஜன் படம் இருந்தது. உலகநாதன் அந்தப் பக்கம் பார்க்காமல் காப்பியைக் குடித்தான்.

"அடுத்து இவர் போறார்," என்றார் ரேச்சல். "நான் திரும்பி வந்து உங்களைப் பார்த்த அன்னைக்கு என்கிட்ட கேட்டதை இவர்கிட்ட சொல்லுங்க."

செண்பகவல்லி உலகநாதனைப் பார்த்துச் சொன்னார்.

"உள்ளேயிருந்து அவர் கதவைத் தட்டினாரான்னு கேட்டேன்."

அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"தட்டினார்னு சொன்னாங்க. எத்தனை தடவைன்னு கேட்டேன். பதினேழுன்னாங்க."

அதற்கப்புறம் இரண்டு வருடம் ரேச்சலுக்கு இந்த வீட்டுக் கதவைத் திறக்கவே இல்லை என்றார் செண்பகவல்லி. ரேச்சல் மாதம் ஒருமுறை வருவாராம். ஒருதரம் மட்டும் கூப்பிட்டுவிட்டு வெயிலில் நிற்பாராம். ஒரு மணி நேரம் கழித்துப் போய்விடுவாராம். மூன்றாம் வருடம் ஒருநாள் தனக்கே அலுத்துப்போய்த் திறந்துவிட்டதாகச் சொன்னார். மன்னித்துவிட்டீர்களா என்று உலகநாதன் கேட்க நினைத்தான். அதற்குள் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"இல்ல," என்றார் செண்பகவல்லி, அவன் கேட்காமலே. "ஆனா வந்தா காப்பி போடுவேன்."

திரும்பும்போது நாங்குநேரி தாண்டியதும் உலகநாதன் வாய் திறந்தான்.

"உடனே மயங்கிட்டார்னு சொல்லியிருக்கலாமே, மேடம். யாருக்குத் தெரியப்போகுது?"

"அவங்க கேட்டாங்க."

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, நாளைக்கு இன்னொரு முறை முயன்று பார்ப்பதாகவும் இந்தத் தடவை கண்டிப்பாக மூடிவிடுவதாகவும் சொன்னான்.

ரேச்சல் வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"நிலோஃபர் வீடு எங்கே இருக்கு?"

மூன்று வருடமாக அவரோடு பயிற்சி எடுக்கிறான். தினமும் ஒரே மேசையில் சாப்பிடுகிறான். அவன் யோசித்தான்.

"தெரியாது, மேடம்."

"நாளைக்குப் பயிற்சி வேண்டாம்," என்றார் ரேச்சல். "அந்தக் கதவை மூடறதுக்கு முன்னாடி அங்கே போங்க. தட்டினா யார் வந்து கதவைத் திறக்கிறாங்கன்னு பார்த்துட்டு வாங்க."