குலத்தை விட்டுவிட வந்தவன்

"குலத்தை விட்டுட்டா, குலத்தோட வர்ற சீக்கும் போயிருமுங்களா சாமி?"

கேட்டுவிட்டு நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டான். வயது ஐம்பதை நெருங்குகிறது. தாராபுரம் பக்கம் தண்ணீர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவன். காப்பர் கம்பி வாங்கக் கோயம்புத்தூர் போவதாகப் பெண்டாட்டி சாந்தாமணியிடம் புளுகிவிட்டு, இந்த ஆற்றங்கரை ஆசிரமத்துக்கு வந்திருந்தான்.

சாமி ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பனுக்கு என்ற வயசுல ஆரம்பிச்சுதுங்க. மொதல்ல சாவியை மறந்தாரு. அப்புறம் வீட்டுக்கு வர்ற வழி. கடைசியில எங்கம்மாளையே யாரோன்னு நெனச்சு, குளிக்க வெக்கப் போன கையைக் கடிச்சுப்போட்டாரு. இப்ப எங்கக்காவுக்கு வந்திருச்சு. ரத்தத்துலயே வர்றதுன்னு டாக்டர் சொல்றாருங்க. எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. இருக்குதாமுங்க."

சாமி ஆற்றைப் பார்த்தார்.

"சாந்தாமணிக்கு எங்கம்மா பட்ட பாடு வேண்டாமுங்க. எனக்குத் துறவு குடுத்துருங்க."

அந்த ஆசிரமத்தில் துறவு வாங்குகிறவன் முதலில் தனக்குத் தானே கருமாதி செய்துகொள்ள வேண்டும். பிறகு ஆற்றில் முழுக வேண்டும். அப்பன் பெயர், குலம், ஊர் எல்லாவற்றையும் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையேற வேண்டும். நாச்சிமுத்து பிடித்துக்கொண்டது அதைத்தான். அப்பனே இல்லை என்று ஆகிவிட்டவனுக்கு அப்பனுடைய சீக்கு எப்படி வரும்? பயந்தவனுக்கு எந்தக் கணக்கும் சரியாகத்தான் படும்.

சாமி மெல்லத் திரும்பினார். அவன் பக்கம் அல்ல, மூத்த சீடர் சம்பந்தத்தின் பக்கம்.

"கஞ்சி இன்னும் வரலையா?"

குடித்த கஞ்சி தாடியில் இன்னும் காயவில்லை.

சம்பந்தம் கண் கலங்கிவிட்டார். காலேஜில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். எதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும்.

"பசிச்ச வயிறும் நிறைஞ்ச வயிறும் சாமிக்கு ஒண்ணுதான். உங்க கேள்விக்குப் பதில் சொல்லிட்டார். உட்கார்ந்து யோசியுங்க" என்று சொல்லிவிட்டு, இன்னொரு கிண்ணம் கஞ்சி கொண்டுவந்து வைத்தார்.

சாமி குடித்தார்.

நாச்சிமுத்துவுக்கு அப்பன் ஞாபகம் வந்தது. ஆனாலும் இத்தனை படித்தவர்கள் சுற்றி இருக்கிறார்கள், நமக்கென்ன தெரியும் என்று இருந்துவிட்டான். தங்கிப் பார்ப்போம் என்றும் நினைத்தான்.

மறுநாள் காலையில் சாமி கொல்லைப்புறம் போய், மதிலுக்கு முன்னால் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. சீடர்கள் ஒவ்வொருவராக வந்து பின்னால் நின்றார்கள். எல்லோரும் மதிலைப் பார்த்தார்கள். ஒருவர் விம்மினார்.

நாச்சிமுத்து மதிலைப் பார்க்கவில்லை. சாமியின் காலைப் பார்த்தான். வேட்டி நனைந்திருந்தது.

அவன் யாரையும் கேட்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ச் சாமியின் தோளைப் பிடித்தான். அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினான். ஈரத்தை அவிழ்த்தான், துடைத்தான், உலர்ந்த வேட்டியைக் கட்டிவிட்டான். அப்பனுக்குச் செய்து கைக்குப் பழகிய வேலை.

சாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை தெளிந்திருந்தது.

"எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

"கஞ்சி கேட்டீங்களே, அப்பவேங்க."

"எங்கம்மாவுக்கு இருந்துச்சு. அவளோட அப்பாவுக்கும் இருந்துச்சு."

நாச்சிமுத்துவின் கை நின்றது.

"அதைப் பார்த்துப் பயந்துதான் ஓடி வந்தேன். இந்த ஆத்துலதான் முழுகினேன். பேரை விட்டேன், ஊரை விட்டேன், பெத்தவளை விட்டேன். இது மட்டும் என்கூடவே முழுகி, என்கூடவே ஏறி வந்துடுச்சு."

"அம்மாவை அப்புறம் யாருங்க பார்த்துக்கிட்டாங்க?"

"தெரியாது. நான் திரும்பிப் போகவே இல்லை."

நாச்சிமுத்து தரையில் உட்கார்ந்துவிட்டான். தப்பிக்க இருந்தது ஒரே ஒரு கதவு. அதுவும் சாத்திக்கொண்டது. ஐம்பது வயதுக்காரன், பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டுப் போன பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதான்.

"அப்ப எனக்கு வழியே இல்லீங்களா சாமி?"

"இல்லை."

சாமி அவன் பக்கம் குனிந்தார்.

"பொண்டாட்டிக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. தெரிஞ்சா அவ தாங்க மாட்டா."

"இங்கே யாருக்கும் தெரியாது" என்றார் சாமி. "நானே சொல்லிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் மறந்து போகுது, பயமா இருக்குன்னு சம்பந்தத்தோட கையைப் பிடிச்சுச் சொன்னேன்."

"அவர் என்ன சொன்னாருங்க?"

"கால்ல விழுந்தான். அடுத்த வாரம் அதையே உபதேசம்னு கல்லுல வெட்டி வாசல்ல பதிச்சுட்டான்."

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது. இந்த மனிதரை நோயாளி என்று சொல்ல உலகத்தில் ஒரு ஆள் இல்லை. பயத்தில் நடுங்கினாலும் கும்பிடுவார்கள். நாளைக்குத் தனக்கும் இதே காவியைக் கட்டிவிட்டு, இதே மதிலுக்கு முன்னால் நிறுத்திக் கும்பிடுவார்கள். சாந்தாமணியாக இருந்தால் திட்டுவாள். திட்டிக்கொண்டே துடைத்துவிடுவாள்.

அதை நினைத்ததும் அவனுக்கு இன்னும் அழுகை வந்தது. அவளுக்கு அந்தக் கதி வேண்டாமென்றுதானே வந்தான்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். ஈர வேட்டியைப் பிழிந்து கொடியில் போட்டான். பையை எடுத்தான்.

"நான் வீட்டுக்குப் போறனுங்க சாமி."

சாமி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னையும் கூட்டிட்டுப் போ."

"எங்கீங்க சாமி?"

சற்று முன் அந்தக் கண்ணில் இருந்த தெளிவு இப்போது இல்லை.

"வீட்டுக்குத்தான். நேரமாச்சு, அம்மா தேடுவா."