கூடுநெறி வகுப்பும் குயிலின் கேள்வியும்

பொன்முடி என்றொரு தூக்கணாங்குருவி, ஏரிக்கரையில் இருந்த பொதுக் கலாசாலையில் கூடுநெறிப் பாடம் நடத்தி வந்தது.

அந்தக் கலாசாலை எந்த ஓர் இனத்துக்கும் சொந்தமானதல்ல. காட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து நடத்தியது. ஒரே ஏரியில் தண்ணீர் குடிப்பவர்கள் ஒருவர் நெறியை ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டும் என்று, வௌவால் நெறி, முயல் நெறி, ஆமை நெறி எல்லாமே அங்கே பாடம். முதல்வராக ஒரு கடமான் இருந்தது. நல்ல மான்தான். சச்சரவு என்றால் மட்டும் அதற்குப் பயம்.

முதல் கூட்டைக் கடவுளே தம் கையால் பின்னினார் என்று தூக்கணாங்குருவிகள் நம்பின. பெற்றோர் கட்டிய கூட்டில்தான் குஞ்சு பொரிய வேண்டும், பிறர் கூட்டில் முட்டையிடுவது பாவம் என்பது அவற்றின் நெறி. பொன்முடிக்கு இதில் எள்ளளவும் சந்தேகம் இல்லை. அதை அது மறைத்ததும் இல்லை. முதல் நாளே மாணவர்களிடம், "இதை நான் நம்புகிறேன். நீங்கள் நம்ப வேண்டியதில்லை. மறுப்பதற்கு முன்னால் சரியாகப் புரிந்துகொண்டால் போதும்," என்று சொல்லிவிட்டது.

அந்த வகுப்பில் செங்கண்ணி என்ற குயிலும் படித்தது. காக்கைக் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்ந்த குயில்.

பிறர் கூட்டில் முட்டையிடுவதைப் பற்றிய பாடம் வந்த அன்று பொன்முடி செங்கண்ணியை ஒருமுறை பார்த்தது. அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தது. ஆனால் பாதியை மறைத்துவிட்டு எதைச் சொல்லிக்கொடுப்பது? உள்ளதை உள்ளபடி சொன்னது. வகுப்பு முழுவதும் குயிலைத் திரும்பிப் பார்த்தது.

"அப்படியானால் நான் பிறந்ததே பாவமா, ஐயா?" என்று கேட்டது செங்கண்ணி.

"குஞ்சின் மேல் எங்கள் நெறி குற்றம் சொல்லவில்லை. முட்டையிட்ட தாய் செய்தது தவறு என்கிறது. நானும் அப்படித்தான் நம்புகிறேன்," என்றது பொன்முடி. "இதில் பிழை இருந்தால் எழுதிக் கொண்டு வா. படிக்கிறேன்."

செங்கண்ணி வகுப்பு முடியும் முன்பே பறந்து போனது.

அந்த வகுப்புப் பக்கமே வராத ஒரு மைனா, இதை யாரோ சொல்லக் கேட்டு நேரே முதல்வரிடம் போனது. பொன்முடி ஒரு குயில் பிள்ளையைப் பாவத்தில் பிறந்தவள் என்று திட்டி வகுப்பை விட்டே விரட்டிவிட்டதாகச் சொன்னது. சச்சரவு வந்துவிடுமே என்று கடமான் பயந்தது. யாரையும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று பொன்முடிக்குச் சொல்லி அனுப்பியது.

பொன்முடி தான் குடியிருந்த ஈச்ச மரத்துக்குத் திரும்பி, பாதியில் நின்ற கூட்டைப் பின்ன உட்கார்ந்தது. நார் அலகில் நிற்காமல் நழுவியது. வேலை போனதைவிட, பாதியில் பறந்து போன அந்தக் குயிலின் முகம்தான் அதை வருத்தியது.

அன்று மாலையே உறவுக் குருவிகள் கூட்டமாக வந்தன. குயில்களைக் கலாசாலையில் சேர்க்கவே கூடாது, இனி எல்லா வகுப்பிலும் நம் நெறியை மட்டுமே சொல்லிக்கொடுக்க வேண்டும், போய்ச் சண்டை போடலாம் வா என்று அழைத்தன.

"அப்படிச் செய்தால் அது நம் வீடு. பொதுக் கலாசாலை அல்ல," என்று பொன்முடி மறுத்துவிட்டது. உறவுகள் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தன.

மறுநாள் காலை ஒரு காக்கை ஓலை ஒன்றைக் கொண்டு வந்து கொடுத்தது. செங்கண்ணி எழுதிய மறுப்பு. பொன்முடி படித்தது. கூடுநெறியைத் தூக்கணாங்குருவிகளே சொல்வதுபோல் அத்தனை பிசகின்றி முதலில் சொல்லியிருந்தது குயில். பிறகு ஒரு கேள்வி கேட்டிருந்தது. முதல் கூட்டைக் கடவுள் பின்னினார் என்றால், அதில் பொரிந்த முதல் தூக்கணாங்குருவியும் பெற்றோர் கட்டாத கூட்டில்தானே பொரிந்தது?

பொன்முடி மூன்று முறை படித்தது. பிறகு தன்னையறியாமல் சிரித்தது. ஓலையின் அடியில் அலகால் கீறியது: 'இதற்கு என்னிடம் இப்போது பதில் இல்லை. வகுப்பிலேயே சிறந்த கட்டுரை இதுதான்.' காக்கையிடமே திருப்பிக் கொடுத்தனுப்பியது.

செங்கண்ணி அந்த ஓலையோடு முதல்வர் முன் போய் நின்றது.

"அவர் சொன்னது எனக்கு வலித்தது. அவர் சொல்வது தவறு என்று இப்போதும் சொல்கிறேன்," என்றது. "ஆனால் என்னை யாரும் விரட்டவில்லை. நானாகத்தான் போனேன். தவறு என்று சொன்னதற்கு முதல் மதிப்பெண் கொடுத்தவரை நீங்கள் எதற்காக வேலையை விட்டு அனுப்பினீர்கள்?"

கடமான் ஓலையைப் படித்தது. மைனாவை வரவழைத்து, அன்று எந்தக் கிளையில் உட்கார்ந்து பாடம் கேட்டாய் என்று விசாரித்தது. மைனா இறகைக் கோதியது, வானத்தைப் பார்த்தது, கடைசியில் தான் அங்கே இல்லவே இல்லை என்று ஒப்புக்கொண்டது.

கடமான் தானே ஈச்ச மரத்தடிக்கு நடந்து போனது. "உன்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். பயந்துவிட்டேன். வகுப்புக்குத் திரும்பி வா," என்று பொன்முடியிடம் சொன்னது. ஆசிரியர் தன் நம்பிக்கையைச் சொல்லலாம், அதை வைத்து மாணவரை அளக்கக் கூடாது என்று அன்றே விதி செய்தது. பொன்முடி அந்த விதியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. கூடவே, குயில் நெறியும் பாடத்தில் சேர வேண்டும் என்று கேட்டு வாங்கியது.

அடுத்த வாரம் செங்கண்ணி பாடம் சொன்னது. பொன்முடி மாணவர்களோடு உட்கார்ந்து, விடாமல் குறுக்குக் கேள்வி கேட்டது. வெயில் சாயும்வரை இருவரும் வாதாடினார்கள். யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பசி எடுத்த பிறகு சேர்ந்தே தானியம் பொறுக்கப் போனார்கள்.

எல்லோருக்கும் பொதுவான கல்விக்கூடத்தில், தன் நம்பிக்கையை ஒளிக்காமல் சொல்லும் உரிமை ஆசிரியருக்கும் அதை அஞ்சாமல் மறுக்கும் உரிமை மாணவருக்கும் இருந்தால்தான் இருவருமே கற்றுக்கொள்ள முடியும்.