தாகமில்லாத பெண்

திருச்சியில் ஹோமியோபதி டாக்டர் பிலோமினாவிடம் தொழில் பழக வந்த சடகோபன், அவரைவிட இருபது வயது மூத்தவர். போஸ்ட் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். நோயாளியின் முகத்தைவிடப் புத்தகத்தின் பக்க எண்தான் அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

அன்று வந்தவள் தெய்வானை. ஏழு மாடி ஜவுளிக்கடையில், தரைத்தளத்துப் பட்டுச்சேலைப் பிரிவில் வேலை. நீர்க்கடுப்பு, நான்கு மாதத்தில் மூன்றாவது முறை. இன்னொரு நாள் லீவு போட்டால் அப்படியே நின்றுவிடு என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தார்.

சடகோபன் நாற்பது கேள்வி கேட்டார். எரிச்சல் சிறுநீர் போவதற்கு முன்னாலா பின்னாலா, சட்டென்று அழுகை வருமா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாள், எதையும் விடவில்லை.

"தண்ணீர்த் தாகம் எடுக்குமா?"

"இல்லைங்க சார். காலையில ஒரு டம்ளர் குடிச்சா ராத்திரி வரைக்கும் தாங்கும்."

சடகோபன் புதையல் கிடைத்த மாதிரி நிமிர்ந்தார். கேஸ் ஷீட்டில் 'தாகமில்லை' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார்.

"பல்சட்டில்லா, டாக்டர். தாகமே எடுக்காதவங்களுக்குன்னே உள்ள மருந்து. சந்தேகமே இல்லை."

பிலோமினா ஒரே கேள்விதான் கேட்டார்.

"கடையில உங்களுக்கு பாத்ரூம் எங்கேம்மா?"

"ஏழாவது மாடிங்க. லிஃப்ட் கஸ்டமருக்கு மட்டும். ஒரு நாளைக்கு ரெண்டு தடவைதான் விடுவாங்க. மூணாவது தடவை கேட்டா, உனக்கென்ன சர்க்கரை வியாதியாம்பாரு சூப்பர்வைசர். எல்லார் முன்னாலயும்."

டாக்டர் முதலில் லேபுக்குச் சீட்டு எழுதினார்.

"கிருமி இருந்தா பெரியாஸ்பத்திரியில மாத்திரை தருவாங்க. ஒண்ணு விடாம முழுங்கணும். அதோட இதையும் சாப்பிடு."

ஒரு குப்பியில் உருண்டைகளை நிரப்பினார். லெட்டர் பேடை இழுத்து எழுதினார்: 'இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நான்கு உருண்டை, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன். அரை மணிக்குள் சிறுநீர் கழித்தே ஆக வேண்டும். மாடிப்படி ஏறக் கூடாது. தடுப்பவர் பெயரை எனக்குத் தெரிவிக்கவும்.' கையெழுத்துப் போட்டு சீல் குத்தினார்.

"இதை உன் சூப்பர்வைசர்கிட்ட கொடு."

"திட்டுவாரே டாக்டர்."

"பாத்ரூம் போகாதேன்னு சொல்லத்தான் அவருக்கு வாய் இருக்கு. மருந்து சாப்பிடாதேன்னு சொல்லட்டும், பார்ப்போம்."

மறுவாரம் அதே கடையிலிருந்து பதினோரு பெண்கள் வந்தார்கள். எல்லோருக்கும் அந்தச் சீட்டு வேண்டுமாம். பிலோமினா ஒவ்வொருத்தியையும் உட்காரவைத்து விசாரித்துவிட்டே எழுதினார்.

அடுத்த மாதம் தெய்வானை நிமிர்ந்து நடந்து வந்தாள். ரிப்போர்ட் சுத்தமாக இருந்தது. வேலையும் இருந்தது.

"கீழே பூட்டியே கிடந்த பாத்ரூமைத் திறந்துட்டாங்க டாக்டர். சாவி எங்க கவுன்ட்டர்லதான் தொங்குது. சூப்பர்வைசரே ஆணி அடிச்சாரு."

அவள் போனதும் சடகோபன் மெல்லக் கேட்டார்.

"அந்தக் குப்பியில என்ன மருந்து டாக்டர்?"

"நீங்க சொன்ன பல்சட்டில்லாதான் சார்."

அவர் முகம் மலர்ந்தது. "அப்போ நான் எழுதினது சரிதானே?"

பிலோமினா பழைய கேஸ் ஷீட்டை எடுத்து அவர் முன் வைத்தார். பேனாவையும் நீட்டினார்.

"ஒரு வார்த்தைதான் தப்பு சார். தாகமில்லைங்கறதை அடிச்சுட்டு, அனுமதியில்லைன்னு எழுதுங்க."