விழத் தெரியாத சீடர்

இந்தக் கதையில் குருவுக்கு வயது இருபத்தெட்டு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. தாடி, காவி எல்லாம் எதிர்பார்க்க வேண்டாம். குரு நீல ஜாக்கெட் போட்டு, வெயிலுக்கு மூக்கில் வெள்ளைக் களிம்பு பூசியிருந்தாள்.

பெயர் பியூலா. சொந்த ஊர் தென்காசிப் பக்கம். மலைச் சாலை போடும் வேலைக்கு வந்த அப்பாவோடு இமயத்தில் வளர்ந்தவள். நடக்க முடியாதவர்களுக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுப்பது அவள் தொழில்.

சீடர் இசக்கியப்பன், கடையநல்லூர்க்காரர். மின்கம்பம் ஏறுகிறவராக இருந்தார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் கம்பத்தின் உச்சியில் கை வழுக்கியது. இடுப்புக்குக் கீழே அன்றோடு சரி. பியூலாவின் ஐந்து நாள் முகாமுக்காகச் சக்கர நாற்காலியோடு மூன்று ரயில் மாறி வந்திருந்தார். அது ஒன்றும் சும்மா காரியமில்லை.

"எதுக்கு அண்ணாச்சி இவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் பியூலா.

"ஒரு தடவையாவது உசரத்துல இருந்து நானா இறங்கி வரணும் டீச்சர். போன தடவை இறங்குனது என் கையில இல்ல."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவள் சிரிக்கவில்லை.

ஒற்றைச் சறுக்கு என்பது இவ்வளவுதான். அகலமான ஒரே ஒரு பலகை, அதன்மேல் ஒரு சுருள்வில், வில்லின்மேல் வாளி மாதிரி ஓர் இருக்கை. ஆளை அதில் உட்கார வைத்து வாரால் இறுக்கிக் கட்டிவிடுவார்கள். இரண்டு கையிலும் குட்டையான கோல், கோலின் நுனியில் குட்டிப் பலகை. தள்ளி நின்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். உட்கார்ந்து பார்த்தால் வேடிக்கை போய்விடும்.

"முதல் பாடம் விழுறது" என்றாள் பியூலா.

"அந்தப் பாடத்துல நான் எப்பவோ பாஸ் டீச்சர். சர்ட்டிபிகேட்டே வச்சிருக்கேன்."

"அது இங்க செல்லாது. மேட்டுப் பக்கமா சாயணும். கைய நெஞ்சோட சேத்துக்கணும். எதையும் பிடிக்கக் கூடாது. அப்புறம் நீங்களே கோலை ஊனி எந்திரிக்கணும். இது வந்தாத்தான் கம்பியில தொங்கிப் போற லிஃப்ட்ல மலை மேல கூட்டிட்டுப் போவேன்."

"வரலேன்னா?"

"கீழயே விளையாடிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்."

மற்ற பாடமெல்லாம் இசக்கியப்பனுக்கு மளமளவென்று வந்தது. போக வேண்டிய பக்கம் கண்ணை வைத்தார், பலகை அந்தப் பக்கம் போனது. தோளைச் சாய்த்தார், திரும்பியது. சரிவுக்குக் குறுக்கே திருப்பினார், நின்றது. இருக்கையின் பின்வாரைப் பிடித்தபடி கூடவே சறுக்கி வந்த பியூலாவுக்கே ஆச்சரியம்.

விழ மட்டும் வரவில்லை. சாயத் தொடங்கியதும் கோலைக் குத்தி நிமிர்ந்துவிடுவார். பதினோரு வருடமாகக் கட்டில் சட்டத்தையும் நாற்காலிக் கையையும் பிடித்துப் பிடித்து உரமேறிய கைகள் அவை. சொன்ன பேச்சு கேட்கவில்லை.

நான்காம் நாள் அவரே கெஞ்சினார். "தள்ளி விட்டுருங்க டீச்சர். சோலி முடிஞ்சிரும்."

"மாட்டேன்."

"ஏன்?"

"ஒரு தடவை தள்ளிட்டா, அப்புறம் என்னையப் பார்த்தாலே கோலைக் குத்துவீங்க."

ஐந்தாம் நாள் மதியம். லிஃப்ட் நான்கு மணிக்கு நின்றுவிடும். முகாமுக்கு வந்த மற்றவர்கள் ஒவ்வொருவராக மேலே போய்க் கூச்சல் போட்டுக்கொண்டு இறங்கினார்கள். இசக்கியப்பன் கீழே உட்கார்ந்து அண்ணாந்து பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"விழாம இருக்கத்தான டீச்சர் சொல்லித்தரணும்? உலகத்துல எவனாவது விழுறதுக்கு வாத்தியார் வைப்பானா?"

பியூலா போய் இன்னொரு ஒற்றைச் சறுக்கை இழுத்து வந்தாள். அதில் உட்கார்ந்து தன் நல்ல கால்களை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அவருக்கு எதிரே விழுந்தாள்.

கோலை ஊன்றி எழுந்தாள். மறுபடி விழுந்தாள். நாலைந்து தடவை ஆயிற்று. முடியெல்லாம் பனி. அடுத்த தடவை எழ முடியவில்லை. பாதி எழும்பிப் பொத்தென்று திரும்ப விழுந்தாள்.

"கோலை அவ்வளவு தள்ளி ஊனாதீங்க!" என்று கத்தினார் இசக்கியப்பன். "இடுப்புக்குக் கிட்ட வைங்க. முதல்ல தோளைத் தூக்குங்க. ஆங், அப்படித்தான்."

எழுந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"அன்னைக்குக் கம்பத்துல இருந்து விழுறதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு அண்ணாச்சி?"

"ரெண்டு செகண்டு இருக்கும்."

அவர் கையுறையில் ஒட்டிய பனியைத் தட்டினார். தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஆனா கனவுல வரும்லா, அதுல தரையே வரமாட்டேங்கு டீச்சர். விழுந்துக்கிட்டே இருக்கேன். அப்படியே முழிச்சிருதேன். பதினோரு வருசமா இதான். தரை வரவே இல்ல."

இந்த இடத்தில் நானாக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லிக் காரியத்தைக் கெடுத்திருப்பேன். பியூலா தன் சறுக்கைத் தள்ளித் தள்ளி அவர் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இசக்கியப்பன் வெகுநேரம் மேட்டுப் பக்கத்துப் பனியைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்தார், குளிருக்குப் பிள்ளைகள் செய்வதுபோல. சாய்ந்தார். கோல் துடித்தது. அவர் அதைக் குத்த விடவில்லை.

"யம்மா!" என்று அலறிக்கொண்டு விழுந்தார்.

லிஃப்ட் பக்கமிருந்து இரண்டு பேர் தூக்க ஓடி வந்தார்கள். பியூலா கையைக் காட்டி நிறுத்தினாள். ஆனால் இசக்கியப்பன் அசையவில்லை. கன்னம் பனியில் பதிந்திருந்தது. கண் மூடியிருந்தது. தப்புச் செய்துவிட்டோமோ என்று பயந்தே போனாள்.

"அண்ணாச்சி?"

அவர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். வெறும் உள்ளங்கையைப் பனியில் வைத்து அழுத்தினார். ஒரு தடவை தட்டிப் பார்த்தார். கூச்சமில்லாமல் அழுதுகொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"தரை வந்துட்டு."

பியூலா தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு மலையுச்சியை ஒரு பார்வை பார்த்தாள்.

"வந்துட்டுல்லா? கோலை ஊனுங்க அண்ணாச்சி. மணி மூணேகால்தான் ஆகுது. மேல போவோம்."