தோள் கேட்காதவர்

காலை ஐந்தரை மணி. பல்லக்குத் தூக்கப் பதினாறு பேர் வரிசையில் நின்றார்கள். பதினேழாவதாக, ஓரமாக நின்றவர் ஏகாம்பரம்.

பங்குனி உத்திரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். முருகன் கோயில் வெளிப் பிராகாரத்தில் ஒத்திகை. சாமிக்குப் பதிலாகப் பல்லக்கில் மணல் மூட்டைகள் இருந்தன.

ஏகாம்பரத்துக்கு ஐம்பத்தொன்று. நாற்பது வயதில்தான் இந்தக் கூட்டத்தில் சேர்ந்தார். அவருக்குப் பல்லக்கு நடை சொல்லிக்கொடுத்த மருதாசலம் பதின்மூன்று வயது இளையவர். ஏகாம்பரம் அவரை வாத்தியார் என்பார். அவர் இவரை அண்ணே என்பார்.

மூன்று ஆண்டுகளாக வலி. இடுப்பில் கிளம்பி, முதுகோடு ஏறி, இடது தோளில் வந்து உட்காரும். எண்ணெய், ஒத்தடம், ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. பத்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதியே கொடுத்துவிட்டார்.

இரண்டு உற்சவமாக ஏகாம்பரம் தூக்குவது முட்டுக்கட்டையை மட்டும்தான். பல்லக்கை நிறுத்தும்போது தண்டுக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை அது. இளவட்டங்கள் அதையே அவருக்குப் பெயராகவும் வைத்துவிட்டார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்துக்கொள்வார். ஆனால் நாகஸ்வரத்தில் புறப்பாட்டு மல்லாரி கிளம்பினால் போதும், அவருடைய இடது தோள் தானாக உயரும். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

அன்று வாத்தியாரிடம் நேராகவே கேட்டுவிட்டார்.

“இந்த வலி எப்பத்தான் போகும் வாத்தியாரே? நான் எப்பத் தோள் கொடுக்கிறது?”

மருதாசலம் இடப்பக்கம் இரண்டாவதாக நின்றவனை விலகச் சொன்னார். ஏகாம்பரத்துக்கு அந்த இடத்தைக் காட்டினார். அவருடைய பழைய இடம்.

பல்லக்கு எழுந்தது. தண்டு தோளில் அமர்ந்ததும் ஏகாம்பரத்துக்குக் கண் கலங்கியது. முதல் திருப்பத்திலேயே முதுகில் நெருப்பு பற்றியது.

அந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. முடியாதவன் ‘தோள்’ என்று ஒரு சொல் சொன்னால் போதும், பக்கத்தில் நடந்து வரும் மாற்று ஆள் உள்ளே நுழைந்துவிடுவான். சொல்வது தப்பில்லை. ஆனாலும் யாருக்கும் வாய் வராது. ஏகாம்பரம் பல்லைக் கடித்துக்கொண்டு பிராகாரம் முழுக்கச் சுற்றி வந்தார். நடை பிசகவில்லை.

பல்லக்கை இறக்கியதும் வாத்தியாரைப் பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு முனகல் உண்டா வாத்தியாரே?”

மருதாசலம், ஏகாம்பரத்துக்குப் பின்னால் தூக்கி வந்த சபாபதியைக் கூப்பிட்டுத் தோளிலிருந்த துண்டை எடுக்கச் சொன்னார். அது எதுக்குங்க என்று அவன் மழுப்பினான். அவர் கையை நீட்டியபடியே நின்றார். எடுத்தான். தோள் கன்றி வீங்கியிருந்தது. முன்னால் ஒரு தோள் ஒரு விரற்கடை தாழ்ந்தால், அந்தப் பளு பின்னால் இருப்பவன் மேல் இறங்கும். ஏகாம்பரத்துக்கும் அது தெரியும்.

“சொல்லியிருக்கலாமேடா” என்றார் ஏகாம்பரம்.

“நீங்க சொல்லலியே மாமா.”

ஏகாம்பரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மற்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். சபாபதியும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு போனான்.

“அப்ப, இனி என் தோள்ல சாமி ஏற மாட்டாரா வாத்தியாரே?”

மருதாசலம் மணல் மூட்டை ஒன்றை நகர்த்தி அதன்மேல் உட்கார்ந்தார். பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டார்.

“ஒம்பது வருஷம் தூக்கியிருக்கீங்க அண்ணே. ஒரு தடவகூட நீங்க தோள் கேட்டு நான் பாத்ததில்ல. கேக்கிறதா இருந்தா வாங்க.”

ஏகாம்பரம் அந்த மூட்டையில் உட்கார்ந்தார்.

பங்குனி உத்திரம் மார்ச் 25, திங்கட்கிழமை வந்தது. கீழ வீதியில் ஏகாம்பரம் நாற்பத்தோரு அடி தூக்கினார்; பிறகு ‘தோள்’ என்றார். மீதி மூன்று வீதியும் பல்லக்கோடு நடந்தார்.